பேசும் மண்டபம்

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்களின் வீட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ராஜா படுத்த கட்டில், ராணி குளித்த தொட்டி, மந்திரி சாய்ந்து உட்கார்ந்த நாற்காலி என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று வாயைப் பிளந்து படம் எடுத்துக்கொள்வார்கள். உயிரோடு இருக்கிற எங்கள் வீடுகள் கோட்டைச் சுவருக்கு வெளியே ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்காத வரைக்கும் நல்லதுதான்.

நான் அரண்மனை வாசலில் குடை வாடகைக்கு விடுகிறவள். வெயில் அடித்தாலும் குடை போகும், மழை பெய்தாலும் குடை போகும். இதனால் வாசலில் தொப்பி விற்கிறவருக்கும் ஐஸ் விற்கிறவருக்கும் என்மேல் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. குடைக்காரி என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வேலையில் ஒரே ஒரு தொல்லை, வாங்கிப் போகிறவர்கள் குடையை உள்ளேயே எங்கேயாவது சாத்திவைத்துவிட்டு வேறு வாசல் வழியாகப் போய்விடுவார்கள். சாயங்காலம் கதவு சாத்துவதற்கு முன் நான் முற்றம் முற்றமாகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். பேசும் மண்டபத்தில்தான் அதிகம் கிடக்கும். அங்கே போனதும் ஜனங்களுக்குக் கையில் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

வட்டமான பெரிய கூடம் அது. மேலே கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி கூரை. ஒரு பக்கம் சுவரில் வாயை வைத்துக் குசுகுசுவென்று பேசினால், எதிர்ப்பக்கம் சுவரில் காதை வைத்திருக்கிறவருக்கு அது தெளிவாகக் கேட்கும். நடுவில் நிற்கிற ஆளுக்கு ஒன்றும் விழாது. கட்டியவன் தெரிந்து கட்டினானா, தெரியாமல் கட்டினது அப்படி அமைந்துபோனதா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குசுகுசுத்தால்தான் இந்த ரகசியம் எல்லாம். வாயைத் திறந்து கத்தினால் கூரை அதை வாங்கிக் கூடம் முழுக்க இறைத்துவிடும்.

அந்த மண்டபத்தைக் காட்டுகிற வேலையை ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். ஒருவர் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே நிற்க வேண்டும். இன்னொருவர் எதிர்ப்பக்கம் நாலு படி ஏறி மாடத்தில் நிற்க வேண்டும். ஒருவர் வேலையிலிருந்து நின்றுபோனால் மற்றவருக்கும் வேலை இல்லை, அலுவலகத்தில் அப்படி ஒரு சட்டம். கீழே சுவரோரம் நிற்பதால் நாங்கள் சுவர்க்காரர் என்று கூப்பிடுகிறவரும் அவர் மனைவியும் கல்யாணம் ஆன புதிதிலிருந்தே அந்த ஜோடி. அவள் மாடத்தில் நிற்பதால் எங்கள் எல்லோருக்கும் மாடத்தக்கா. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "வாங்க, பிரயாணம் எல்லாம் சௌகரியமா இருந்ததா?" என்று சன்னமாகக் கேட்பாள். கீழே காதை வைத்திருக்கிற ஆளுக்குத் தூக்கிவாரிப்போடும். பேசி முடித்ததும் உள்ளங்கையால் சுவரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும், இனி நீ பேசு என்று அர்த்தம். அதைச் செய்யாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசி ஒன்றும் புரியாது. வந்தவர்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் அந்தச் சுவரில் என்னென்னவோ பேசிவிட்டுச் சிவந்துபோய்த் திரும்புவார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஒன்றையும் வெளியே விடமாட்டாள்.

அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. மொத்தமே இரண்டு அறை. முன்னறையை ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத் தங்க விட்டிருந்தார்கள். பின்னறையில் இவர்கள் இரண்டு பேர், மகன், மருமகள், கைக்குழந்தை. மகன் அரண்மனைக்குள் பேட்டரி வண்டி ஓட்டுகிறான், நடக்க முடியாதவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவான். மருமகளுக்குப் பாம்புக்காது. அடுப்பில் பால் பொங்குவது முதல் அடுத்த தெருச் சண்டை வரைக்கும் இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட வீட்டில் புருஷன் பெண்டாட்டி என்ன பேச முடியும்? அதனால் அவர்கள் பேச்சு எல்லாம் மண்டபத்தில்தான். சாயங்காலம் கடைசிக் கூட்டம் போனதும், காவல்காரர் சாவிக்கொத்தோடு வருவதற்குள், அக்கா மாடத்திலும் அவர் கீழேயுமாக ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்து நின்று பேசிக்கொள்வார்கள். ஒருவருக்கொருவர் முதுகுதான் தெரியும். குடை பொறுக்கப் போகிற நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது என்னோடு அவ்வளவு பேசினதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அகழி நிரம்பி வாசல் படிக்கட்டு வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று நனைந்த கோழி மாதிரி வந்தார்கள். ஒரு மத்தியானம் கூட்டமே இல்லாததால் அக்கா என் கொட்டகைக்கு வந்தாள். டீக்காரரிடம் பன்னும் அவித்த முட்டையும் வாங்கிவைத்து இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் வலது கையாலேயே முட்டையை உரிக்கப் பார்த்தாள். இடது கையை விலாவோடு ஒட்டவைத்திருந்தாள்.

"கைய ஏன் இப்படி ஒட்ட வச்சிருக்க? சுளுக்கா?"

"சுளுக்கு இல்ல."

"அப்புறம்?"

அவள் முட்டையைக் கீழே வைத்தாள். "மார்ல ஒரு கட்டி. அக்குள் வரைக்கும் வந்திருக்கு."

"எப்போலேருந்து?"

"போன மழைக்கே இருந்தது. அப்போ பட்டாணி மாதிரி உருண்டுக்கிட்டு இருந்தது. இப்போ கைய மேல தூக்க முடியல."

"அடிப்பாவி, இத்தனை நாளா வச்சுக்கிட்டு என்ன பண்ணின? யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னேன்."

"யார்கிட்ட?"

"யார்கிட்ட சொல்லுவாங்க? அவர்கிட்டதான். மகன் இருக்கிற வீட்டுல இதெல்லாம் எப்படி வாய்விட்டுச் சொல்றது? சுவர்ல சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"'சரி, பாத்துக்கலாம்'னாரு."

"அவ்வளவுதானா?"

"அப்புறம் ஒரு தடவையும் சொன்னேன். வலிக்குதுங்க, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாமான்னு கேட்டேன். அதுக்கும் அதேதான். 'பாத்துக்கலாம், வா, நேரமாச்சு'ன்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல."

"ஏன் கேக்கல? உனக்குக் கால் இல்லையா? நீயே போக வேண்டியதுதான?"

"என்னத்துக்குப் போறது?" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பொண்டாட்டி மார்ல கட்டின்னு சொல்றா. கேட்டுட்டு ஒரு மனுஷன் பேசாம வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்துத் தூங்கறாரு. மறுநாள் அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. எத்தனை வருஷம் கூட இருந்தேன், இவ்வளவுதானா நான் இவருக்குன்னு ஆயிடுச்சு. போன மாசம் ஆத்தாமைல வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதுக்கும் சரின்னுதான் சொன்னாரு. கல்லு மாதிரி ஆயிட்டாரு அவரு. நான் போய் ஊசி போட்டுக்கிட்டு உயிரோட இருந்து யாருக்கு ஆகப்போகுது?"

சட்டைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்தேன். கல்லைத் தொட்ட மாதிரிதான் இருந்தது. நான் திட்டினேன், கெஞ்சினேன், நாளைக்கே நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் முட்டை ஓட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். மகனிடம் சொல்லிவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். நான் சத்தியம் எதுவும் செய்து கொடுக்கவில்லை.

அன்றைக்கே, அவள் மாடத்திலிருந்து இறங்கிவந்து வாசலில் கடை போட்ட பெண்களோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மனுஷனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று மண்டபத்துக்குப் போனேன். அங்கே ஒரு குடும்பம் கிளம்பும் நேரம். சுவர்க்காரர் வழக்கமான கதையை முடித்து, ஏதாவது கேட்பதென்றால் கேளுங்கள் என்று நின்றார். கூட வந்திருந்த சின்னப் பெண், "சுவருக்கு வலிக்காதா, இத்தனை பேர் தட்டறாங்களே?" என்று கேட்டாள். "நானூறு வருஷத்துக்கு மேல இருக்கும்மா," என்றார் அவர். அப்பாக்காரர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார். கொஞ்ச காலமாகவே அவர் இப்படித்தான் ஒன்று கேட்டால் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வாசலில் அதைச் சொல்லிச் சிரித்ததும் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் எத்தனை வருஷம் என்பார்கள், அடுத்தது யார் கட்டினது என்பார்கள், கடைசியில் கக்கூஸ் எங்கே என்பார்கள். அந்த வரிசையிலேயே அவர் பதில் சொல்லிக்கொண்டு போகிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

குடும்பம் போனதும் அவர் துணியை எடுத்துச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தார். வருகிறவர்கள் காது வைக்கிற இடத்தில் தலை எண்ணெய் ஒட்டிக் கறுப்பாகப் பிசுக்குப் பிடித்திருக்கும். தினமும் அதைத் துடைப்பார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அண்ணே."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

துணியை மடித்துப்போட்டு மறுபடி துடைத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கையிலிருந்த குடை நுனியால் விலாவில் ஒரு குத்துக் குத்தினேன். பதறித் திரும்பினார். திரும்பியதும், "அட, நீயா? எத்தனை குடை கிடைச்சது?" என்று முகம் மலரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ இடறியது. கண் என் முகத்தை விட்டு அசையவே இல்லை. பரீட்சை எழுத வந்தவன் கேள்வித்தாளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மடக்கிய குடையை வாய் தெரியாதபடி முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வழக்கமாகப் பேசுகிற குரலில், "உங்க வீடு தீப்பிடிச்சு எரியுது அண்ணே," என்றேன்.

"சரிம்மா," என்றார். "பாத்துக்கலாம்."

குடையை இறக்கினேன். என் முகத்தைப் பார்த்ததும், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. துணியைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலது காதைக் காட்டி, இதில் கொஞ்சம் விழும், கிட்ட வந்து முகத்துக்கு நேராகச் சத்தமாகப் பேசு என்றார். இடது காது போய் ரொம்ப நாளாம். வலது காது போன மழைக்கு முன்னால் மங்க ஆரம்பித்ததாம்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்குத்தான்."

"அக்காகிட்டயாவது சொல்ல வேண்டாமா?"

"எப்படிச் சொல்றது? காது கேக்காதவன் பேசும் மண்டபத்தக் காட்டறான்னு தெரிஞ்சா ஆபீஸ்ல விடுவாங்களா? என் வேலை போனா அவ வேலையும் போச்சு. காது மிஷின் மாட்டிக்கலாம்னு போய் விசாரிச்சேன். அத மாட்டிக்கிட்டு இங்க நின்னா வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா? அவகிட்ட சொன்னா தினமும் பயந்துக்கிட்டே நிப்பா. அவ முகத்துல பயம் இருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"சாயங்காலம் அவ பேசறதுக்கெல்லாம் பதில் சொல்றீங்களே?"

"திரும்பி அவ முதுகப் பாத்துக்கிட்டே இருப்பேன். அவ சுவரத் தட்டினதும் ஏதாவது சொல்லுவேன்." கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "அவ என்ன பெருசா சொல்லப்போறா? குழந்தைக்குச் சளி, மருமக மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா, இதுதான? 'சரி, பாத்துக்கலாம்'னா எல்லாத்துக்கும் பொருந்தும். அத நிறுத்த எனக்கு மனசு வரலம்மா. அவ பேசறாளேன்னு நிப்பேன். எனக்குக் கேக்கலன்னாலும் என்கிட்டதான பேசறா."

எனக்கு அழுகையும் வந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. விஷயத்தை நான் சொல்லவில்லை. அது என் வாயால் வர வேண்டிய பேச்சு இல்லை. அவர் வலது காதுக்கு நேராக, "இன்னிக்குச் சாயங்காலம் அவகிட்ட போங்க. சுவர்ல இல்ல, நேரா போய் நில்லுங்க. காது கேக்கலன்னு சொல்லுங்க. அவ என்ன சொன்னான்னு கேளுங்க," என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த நிறம் மெல்ல வடிந்தது. கையிலிருந்த துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

அன்றைக்குச் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. மழை கூரையில் கொட்டுகிற சத்தம் மண்டபத்துக்குள் ஹோவென்று கேட்டது, பிறகு கொஞ்சம் அடங்கியது. கடைசிக் கூட்டம் போய்விட்டது. டீக்காரர் தூணோரம் கிடந்த கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். காவல்காரர் வாசலில் சாவியோடு நின்றார். மழை என்பதால் அப்பா அம்மாவை ஏற்றிப்போக மகன் பேட்டரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். நான் கையில் நாலைந்து குடையை அணைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன். போய்விட வேண்டும் என்று தெரிந்தது, கால் நகரவில்லை.

அக்கா மாடத்தில் சுவரைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் என்னதான் வீறாப்பாகச் சொன்னாலும் பேசுவதை அவளும் விடவில்லை. சுவர்க்காரர் தன் இடத்தை விட்டுக் கிளம்பினார். கூடத்தின் நடுவே குறுக்காக நடந்து, படி ஏறி, அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். அவளுக்குத் தெரியவில்லை. பேசி முடித்துச் சுவரைத் தட்டினாள். காத்திருந்தாள். பதில் வரவில்லை. மறுபடி தட்டினாள். அவர் தோளில் கையை வைத்தார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "இங்க என்ன பண்றீங்க? நான் பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்கு வந்துட்டீங்க?"

"எனக்குக் காது கேக்கல."

"மழைச் சத்தம். கொஞ்சம் சத்தமா பேசறேன், போங்க."

"அது இல்ல. காதே கேக்கல. போன மழையிலேருந்து."

"அப்போ பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னீங்களே?" என்றாள். அவருக்கு அது விழவில்லை. குனிந்து வலது காதைக் காட்டினார். அவள் காதோரம் மறுபடி கேட்டாள்.

"நீ தட்டினதும் சொல்லுவேன்."

"நான் சொன்னது ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாது."

"நான் திட்டினேனே? நீங்கல்லாம் ஒரு மனுஷனான்னு கேட்டேனே?"

"கேட்டியா?" என்றார். "விழல."

அக்கா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகவே கேட்டது, கேட்காமல் இருந்திருக்கலாம். சிரித்துக்கொண்டே இருந்தவள் மாடத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சொன்ன நீ?" என்று அவர் கேட்டார். "குடைக்காரி முகத்தப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. என்னன்னு இப்போ சொல்லு."

அவள் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "இருட்டுல முகம் தெரியல. காதுல சொல்லு, சத்தமா." அவள் அவர் காதைப் பிடித்து இழுத்து வாயை வைத்துச் சொன்னாள். அவர் மறுபடியும் தலையை ஆட்டினார். மழையின் இரைச்சலோ, பயமோ, இருந்த கொஞ்சம் காதும் அன்றைக்கு அவருக்கு உதவவில்லை. அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காவல்காரர் நிற்கிறார், டீக்காரர் நிற்கிறார், மகன் நிற்கிறான். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு மார்ல கட்டி இருக்கு," என்று கத்தினாள்.

கூரை அதை வாங்கிக்கொண்டது. மார்ல கட்டி இருக்கு, கட்டி இருக்கு என்று சுற்றிச்சுற்றி எங்கள் எல்லோர் தலையிலும் இறங்கியது. டீக்காரர் கையிலிருந்த கிளாஸ்களோடு அப்படியே நின்றுவிட்டார். காவல்காரர் தலையைக் குனிந்து சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"ஒரு வருஷமா உங்ககிட்டதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்," என்று அவள் இன்னொரு தடவை கத்தினாள். இரண்டாவது கத்தல் தேவையே இல்லை. முதல் தடவையே அவருக்கு விழுந்துவிட்டது. அவர் அவள் காலடியில் படியில் உட்கார்ந்து, தன் இரண்டு காதுகளிலும் அறைந்துகொள்ள ஆரம்பித்தார். மகன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். மகன் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூசியவள், அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் குடைகளை எங்கே போட்டேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

இப்படியாக இரண்டு பேர் ரகசியமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. காவல்காரர் நல்ல மனுஷன், தானாகப் போய் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் டீக்காரர் வாயை யார் கட்ட முடியும்? அந்த வாரம் முடிவதற்குள் மண்டபத்துக்கு வேறு ஒரு ஜோடியைப் போட்டுவிட்டார்கள். அதைப் பற்றி அவர்கள் வீட்டில் யாரும் பேசினதாகக்கூடத் தெரியவில்லை. அதற்குள் வேறு கவலை வந்து குந்திவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போய்க்கொண்டிருந்தேன். மகன் வண்டி ஓட்டினால்தான் இனி அந்த வீட்டில் உலை. கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், இன்றைக்கு வா நாளைக்கு வா என்றார்கள். சுவர்க்காரர் அவள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. பஸ்ஸில் இடம் பிடிப்பதும், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பதும், இடது கைப்பக்கம் யாரும் இடித்துவிடாமல் தான் நின்றுகொள்வதுமாக இருந்தார். வீட்டில் இப்போது அவள் அவரிடம் கத்தித்தான் பேசினாள். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாள். பேசட்டும் என்று விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு அந்தப் பெண்ணுக்கும் மனசு இருந்தது. அக்கா ஒரு நாள் என்னிடம், "கல்லுன்னு நினைச்சேன்டி. பாவம், என்னையே பாத்துக்கிட்டு நின்னிருக்காரு," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அந்த வருஷம் முழுக்க நான் பார்க்கவில்லை. இவள் பிழைத்துவிடுவாள் என்று நான் நம்ப ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

முடிவு சொல்கிற அன்று மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். சின்ன வயதுப் பெண் டாக்டர். எழுதிக்கொண்டே, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிடுச்சும்மா. எலும்புக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கு. ஒரு ஆறேழு மாசம் முன்னாடி வந்திருந்தாகூட ஏதாவது பண்ணியிருக்கலாம். வலி தெரியாம இருக்க மாத்திரை தரேன்."

அக்கா சத்தமே இல்லாமல், "எவ்வளவு நாள்?" என்று கேட்டாள்.

"உறுதியா சொல்ல முடியாது. நாலு மாசம், அஞ்சு மாசம்."

அவர் டாக்டர் முகத்தைப் பார்க்கப் பார்த்தார். குனிந்திருந்த தலைதான் தெரிந்தது. வெளியே நடைபாதை பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

அக்கா அவர் வலது காதுப் பக்கம் சாய்ந்தாள். "ஆபரேஷன் வேண்டாமாம்," என்று சத்தமாகச் சொன்னாள். "மாத்திரையே போதுமாம்."

வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் அக்காவைப் பார்த்து, உங்களுக்கு என்ன அதிர்ஷ்டம் என்பது போலத் தலையசைத்தாள். அக்காவும் சிரித்தபடி தலையசைத்துவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் போய் நின்றாள். கூப்பிடு தூரம்தான். அங்கிருந்து எங்களைப் பார்த்து, இதோ வந்துவிடுகிறேன் என்று கையைக் காட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். காது போன பிறகு முகத்தைப் பார்த்தே ஒரு வருஷம் பிழைப்பு நடத்திய ஆளிடம் எவ்வளவு நேரம் குனிந்துகொண்டிருக்க முடியும்? நிமிர்ந்தபோதும் அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாள்னாங்க?" என்றார் தணிந்த குரலில்.

மெதுவாகச் சொன்னால் இவருக்குக் கேட்காது. கேட்கிற மாதிரி சொன்னால் ஜன்னலில் நிற்கிறவளுக்கும் கேட்டுவிடும். பெஞ்சுக்குக் கீழே, அவள் பார்வை படாத பக்கமாக, ஒரு கை விரல்களை விரித்துக் காட்டினேன்.

அவர் விரல்களைப் பார்த்தார். "வருஷமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

கையைத் தூக்கித் தன் காதுப் பக்கம் கொண்டுபோனார், அறைந்துகொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும், காதைச் சொறிந்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதம்மா," என்றார்.

அக்கா மாத்திரைப் பொட்டலத்தோடு வந்தாள். குனிந்து அவர் காதருகே, "எல்லாம் வாங்கியாச்சு. நேரத்துக்குச் சாப்பிட்டா சரியாயிடுமாம்," என்று கத்தினாள்.

"நல்லதாப் போச்சு," என்று அவர் முகம் மலரச் சிரித்தார்.

இரண்டு பேர் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து, பையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தேன்.